குட்டை மரங்களின் வயது: கொலராடோ பீடபூமியின் பாறைமேட்டு ஊசியிலைப் புதர்க்காடுகள்

1. கேள்வி

அமெரிக்காவின் யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்கள் ஒரு புள்ளியில் கூடுகின்றன. அப்புள்ளியைச் சுற்றி விரிந்து கிடப்பது கொலராடோ பீடபூமி. அதன் வறண்ட மேட்டுத் தளங்களில், ஏறத்தாழ 1,200 முதல் 2,000 மீட்டர் உயரத்தில், மணற்பாறையும் களிப்பாறையும் தோலுரிந்து கிடக்கும் இடங்களில், ஊசியிலை மரங்கள் புதர்களைப் போல நிற்கின்றன. பெரும்பாலானவை 3 மீட்டர் உயரத்தைத் தாண்டுவதில்லை. ஒன்று பின்யோன் பைன் (பைனஸ் எடுலிஸ்). மற்றொன்று யூட்டா ஜூனிப்பர் (ஜூனிபெரஸ் ஆஸ்டியோஸ்பெர்மா).

இந்தக் குட்டை மரங்கள் அந்நிலத்தின் பழங்குடிகளா, அண்மைக் காலத்தில் வந்தேறியவையா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. விடை தாவரவியலோடு நின்றுவிடுவதில்லை. வந்தேறியவை என்று முடிவானால் அவற்றை அகற்றுவது நிலச் சீரமைப்பு ஆகும். பழங்குடிகள் என்றால் அதே செயல் அழிவு. கடந்த எழுபது ஆண்டுகளில் இரண்டு முடிவுகளுமே நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உயரத்தைப் பார்த்து வயதைக் கணித்த பழக்கமே இவ்விவாதத்தின் அடிப்படைப் பிழை என்பதும், மண்ணையும் ஆண்டு வளையங்களையும் பார்க்காமல் எடுக்கும் எந்த முடிவும் செல்லாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. நிலமும் தாவரமும்

பீடபூமியின் நடுவிலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஆண்டுக்குக் கிடைக்கும் மழை சுமார் 230 மில்லிமீட்டர். அதிலும் ஒரு பகுதி குளிர்காலப் பனியாகவும், ஒரு பகுதி கோடையின் திடீர் இடிமழையாகவும் வருகிறது. பாறைமேல் படிந்த மண் பல இடங்களில் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. அப்படிப்பட்ட மண்ணில் பெய்த நீர் சில நாள்களில் ஆவியாகிவிடும்.

ஆனால் பாறை முற்றிலும் வறண்டதன்று. அதன் பிளவுகளுக்குள் இறங்கிய பனிநீர் வெயில் படாமல் நீண்ட காலம் தங்குகிறது. புல்லின் சல்லி வேர்கள் அந்த ஆழத்தை எட்டுவதில்லை. ஜூனிப்பரின் வேர் பிளவுகளில் நுழைந்து எட்டிவிடுகிறது. ஆகவே மண் ஆழமான பள்ளத்தாக்கில் புல்லும் சேஜ்பிரஷ் புதரும் செழிக்க, மண்ணே இல்லாததுபோலத் தோன்றும் பாறைமேட்டில் மரம் நிற்கிறது. மரம் வளரச் செழிப்பான மண் வேண்டும் என்ற நம் பொது அனுபவத்துக்கு இது நேர்மாறானது. இதைப் பிடித்துக்கொண்டால்தான் பின்வரும் விவாதம் விளங்கும்.

மரங்களுக்கு இடையில் வயோமிங் சேஜ்பிரஷ், கருஞ்சேஜ்பிரஷ், பிளாக்பிரஷ் முதலிய புதர்களும் வறட்சி தாங்கும் புற்களும் சிதறிக் கிடக்கின்றன. எஞ்சிய வெற்றிடமும் உயிரற்றதன்று. நீலப்பச்சைப் பாசி, கற்பாசி, மாஸ் என்னும் பாசித் தாவரம் ஆகியவை சேர்ந்து மணல் துகள்களைப் பிணைத்து ஒரு கரிய தோலை உருவாக்கியுள்ளன. மைக்ரோகோலியஸ் வஜினேட்டஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியின் இழைகளே அதன் முதன்மைப் பின்னல். இந்தத் தோல் காற்றரிப்பைத் தடுக்கிறது; அதில் வாழும் வேறு சில உயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. மோவாப் நகரை மையமாகக் கொண்டு இதைப் பல்லாண்டு ஆராய்ந்த ஜேன் பெல்நாப், காலடியும் சக்கரமும் பட்டுச் சிதைந்த தோல் முழுமையாக மீளப் பல பத்தாண்டுகள் ஆகும் எனக் காட்டினார்.

3. குறுமைக்கு என்ன காரணம்?

வழக்கமான விளக்கம் எளியது: நீர் குறைவு, மண் குறைவு, எனவே வளர்ச்சி குறைவு. இது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. வறட்சியை எதிர்கொள்ள இவ்விரு மரங்களும் இருவேறு வழிகளைக் கைக்கொள்கின்றன. மண் உலரத் தொடங்கியதும் பின்யோன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் இழப்பு நிற்கிறது; கூடவே உணவு தயாரிப்பும் நிற்கிறது. ஜூனிப்பரோ துளைகளைத் திறந்தே வைத்து, மிக வறண்ட மண்ணிலிருந்தும் நீரை இழுக்கிறது. அதன் நீர்க்குழல்கள் அவ்வளவு இழுவிசையைத் தாங்கக்கூடியவை என்பதை லின்டன், ஸ்பெர்ரி, வில்லியம்ஸ் ஆகியோர் 1998இல் அளந்து நிறுவினர். நெருக்கடி முற்றும்போது ஜூனிப்பர் தன் கிளைகளில் சிலவற்றைச் சாகவிட்டு மற்றவற்றைக் காக்கிறது. ஒரு பக்கம் வெளுத்த கட்டையாகவும் மறுபக்கம் ஒரு பட்டைக் கீற்றால் உயிரோடும் நிற்கும் முதிய ஜூனிப்பர்கள் இப்படி உருவானவை. அவற்றின் குறுமை நோயின் அடையாளமன்று. உயிர்வாழும் முறையின் விளைவு.

இரண்டாவது காரணம் பூச்சி. அரிசோனாவின் சன்செட் கிரேட்டர் எரிமலைச் சாம்பல் நிலத்தில் தாமஸ் விட்டமும் சூசன் மாப்பரும் செய்த ஆய்வு 1985இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. டயோரிக்ட்ரியா அல்போவிட்டெல்லா என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள் பின்யோனின் நுனிக் குருத்துகளைத் துளைத்துக் கொல்கின்றன. குருத்து இழந்த மரம் மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் கிளைத்துப் புதராகிறது. பெண் கூம்புகள் உருவாவதும் அந்த நுனிகளில்தான். எனவே தொடர்ந்து தாக்கப்பட்ட மரம் ஏறத்தாழ முழுக்க ஆண்மரமாகவே மாறிவிடுகிறது. பூச்சியை அகற்றிப் பார்த்தபோது மரம் நிமிர்ந்து வளர்ந்தது. பெண் கூம்புகளும் திரும்பின. ஆக, குட்டை மரம் எல்லாம் நீரின்மையால் மட்டும் குட்டையானது எனக் கொள்ள முடியாது.

இந்த ஆய்வின் தொடர்ச்சி இன்னும் முக்கியமானது. 2002ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பின் அதே நிலத்தைக் கணக்கெடுத்தபோது, பூச்சியை எதிர்த்து நிமிர்ந்து வளர்ந்திருந்த மரங்களில் இறப்பு, பூச்சிக்கு ஆளாகிப் புதராய் நின்ற மரங்களைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. ஸ்டல்ட்ஸ், கேரிங், விட்டம் ஆகியோர் 2009இல் இதை வெளியிட்டனர். வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைகள் இரு வகை மரங்களிலும் வேறுபடுவதையும், அவ்வேறுபாட்டை மரத்தின் மரபே தீர்மானிப்பதையும் கேரிங் குழுவினர் 2017இல் காட்டினர். குறுமைதான் மரத்தைக் காத்தது என்று இதிலிருந்து நேரடியாக முடிவுகட்டக் கூடாது. பூச்சிக்கு ஆளாகும் மரபும் வறட்சி தாங்கும் மரபும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதே காரணமாகலாம். ஆனால் ஒன்று உறுதி. வளமான ஆண்டுகளில் தோற்றதாகத் தெரியும் மரம், வறண்ட ஆண்டில் நிலைத்தது. பார்வைக்கு நலிந்தவற்றை அகற்றி நிமிர்ந்தவற்றை விட்டுவைக்கும் காடு மேலாண்மை, வரப்போகும் வறட்சிக்குத் தேவைப்படும் மரபையே அழித்துவிடக்கூடும்.

4. வந்தேறின என்னும் வாதம்

ஜூனிப்பரும் பின்யோனும் பரவிவருகின்றன என்ற கருத்துக்கு வலுவான சான்றுகள் உண்டு. பர்க்ஹார்ட், டிஸ்டேல் இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், தென்மேற்கு ஐடஹோவில் ஜூனிப்பர் எவ்வாறு சேஜ்பிரஷ் வெளிகளுக்குள் நுழைந்தது என விளக்கினர். ஓரிகன் மாநிலத்தை ஆராய்ந்த மில்லரும் ரோஸும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளையர் குடியேற்றத்தை ஒட்டி, இப்பரவல் தொடங்கியதாகக் கணித்தனர். கால்நடைகள் புல்லைத் தின்றன. புல் இல்லாததால் தீ பரவவில்லை. தீ இல்லாததால் முன்பு எரிந்துபோன இளஞ்செடிகள் பிழைத்தன. அக்காலத்தின் ஈரமான பருவநிலையும் துணைநின்றது. சேஜ்பிரஷ் வெளியையே நம்பி வாழும் சேஜ்கோழி என்னும் பறவை, மரங்கள் சிறிதளவு நுழைந்தாலே தன் கூடுமிடங்களைக் கைவிடுகிறது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன.

இந்த ஆய்வுகள் வெளிவருவதற்கு முன்பே இவ்வாதம் நடைமுறையில் மிகப் பரந்த அளவில் பயன்பட்டது. 1950களிலும் 60களிலும் மேய்ச்சல் நிலத்தை விரிவாக்க, இரண்டு புல்டோசர்களுக்கு இடையே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து, லட்சக்கணக்கான ஏக்கர் மரங்களை வேரோடு சாய்த்தனர். புல் பெருகும் என்பதோடு ஓடைகளில் நீரும் பெருகும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் ஆண்டு மழை சுமார் 450 மில்லிமீட்டருக்கும் குறைந்த நிலங்களில் மரங்களை அகற்றுவதால் நீர்வரத்து குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை எனப் பின்னர் தெளிவாயிற்று. இங்கே பெய்வதோ அதில் ஏறத்தாழப் பாதி. ரொனால்ட் லானர் 1981இல் வெளியிட்ட பின்யோன் பற்றிய நூலில் இந்த அழிப்பைக் கடுமையாக விமர்சித்தார்.

5. எதிர்ச்சான்றுகள்

இதன் பிறகு சான்றுகளை வகைப்படுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது, பரவலைக் காட்டிய ஆய்வுகளே ஒரு வேறுபாட்டையும் காட்டின. பர்க்ஹார்ட்டும் டிஸ்டேலும் கண்ட இளம் மரங்கள் ஆழ்மண் சரிவுகளில் இருந்தன. மிக முதிர்ந்தவை பாறை முகடுகளில் இருந்தன. பாறைமேட்டில் தீ தொடர்ந்து ஓடப் போதிய புல் இல்லை என்பதால் மரங்கள் அங்கே தீயிலிருந்து தப்பின. ஓரிகனில் 1,600 ஆண்டுகளைத் தாண்டிய ஜூனிப்பரும் பாறை நிலத்திலேயே காணப்பட்டது. அதாவது ஆழ்மண் வெளிக்குப் பொருந்தும் வரலாறு பாறைமேட்டுக்குப் பொருந்தாது. மரங்களைச் சாய்த்த காலத்திலேயே இதைக் கவனித்திருந்தால் பல நிலப்பரப்புகள் சங்கிலிக்குத் தப்பியிருக்கும்.

இரண்டாவது, தீயின் வரலாறு. மேசா வெர்டே தேசியப் பூங்காவில் லிசா ஃபிளாய்ட் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பின்யோன்-ஜூனிப்பர் காடு முழுவதும் ஒருமுறை எரிந்து முடியச் சுமார் 400 ஆண்டுகள் ஆகும் என மதிப்பிட்டது. அடிக்கடி ஓடும் தரைத்தீ இக்காட்டின் இயல்பாக இருந்ததில்லை. என்றோ ஒருநாள் பெருங்காற்றில் எழும் தீ அனைத்தையும் கொன்றுவிடும். இரு மரங்களின் பட்டையும் மெல்லியது. அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் ஆற்றலும் இவற்றுக்கு இல்லை. ஆகவே எரிந்த காடு மீளப் பல நூற்றாண்டுகள் ஆகும். தீத்தடுப்பால்தான் இம்மரங்கள் பெருகின என்ற விளக்கம் இங்கே நிற்காது. சில பத்தாண்டு காலத் தீத்தடுப்பு, 400 ஆண்டுச் சுழற்சியைப் பெரிதாக மாற்றியிருக்க முடியாது.

மூன்றாவது, தொல் சான்று. பேக்ராட் எனப்படும் எலி தன் வளையைச் சுற்றியுள்ள சுள்ளி, ஊசியிலை, விதை ஆகியவற்றைப் பாறைக் குகைகளில் குவிக்கிறது. அதன் சிறுநீர் படிகமாகி இக்குவியலைப் பல்லாயிரம் ஆண்டுகள் பாதுகாக்கிறது. வெல்ஸ், ஜார்கன்சன் இருவரும் 1964இல் இதை ஆய்வு முறையாக்கினர். பெட்டன்கோர்ட் முதலியோர் 1990இல் தொகுத்த நூல் நாற்பதாயிரம் ஆண்டுத் தாவர வரலாற்றை இதன்மூலம் விரித்தது. யூட்டாவின் வடகிழக்கு மூலையிலுள்ள டச் ஜான் மலையில் பின்யோன் 13ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது என இந்தக் குவியல்களும் ஆண்டு வளையங்களும் சேர்ந்து காட்டுகின்றன. வறண்ட பத்தாண்டுகளில் பரவல் தேங்கியது. ஈரமான பத்தாண்டுகளில் வேகமெடுத்தது. கால்நடையும் தீத்தடுப்பும் வருவதற்கு முன்பே இம்மரங்கள் முன்னேறியும் பின்வாங்கியும் வந்திருக்கின்றன என்பதற்கு இது அசைக்க முடியாத சான்று.

இவற்றையெல்லாம் தொகுத்து வில்லியம் ராமும் பல ஆய்வாளர்களும் 2009இல் ஒரு கூட்டு மதிப்புரை வெளியிட்டனர். பின்யோன்-ஜூனிப்பர் தாவரத்தை ஒரே வகையாகக் கருதக் கூடாது என்பதே அதன் மையக் கருத்து. புல்வெளியில் சிதறிய மரங்கள், புதர்வெளிக்குள் ஏறி இறங்கும் மரங்கள், பாறை மேடுகளில் நிலைபெற்ற காடுகள் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தீ வரலாறும் வேறு என்றனர். நிலைபெற்ற காடுகள் பெரும்பாலும் ஆழமற்ற, சரளை கலந்த மண்ணில் இருப்பதையும் சுட்டினர். நாம் பேசும் குட்டைப் புதர்க்காடு இந்தப் பிரிவுகளின் எல்லையில் நிற்கிறது. அதன் கீழ் விளிம்பு சேஜ்பிரஷ் வெளியைத் தொடுகிறது; மேல் விளிம்பு உயர்ந்த காட்டில் கலக்கிறது. ஆகவே ஓரிடத்தில் கிடைத்த சான்றை முழுப் பரப்புக்கும் விரிப்பது இரு தரப்புக்குமே பொருந்தாத முறை. பாறைமேட்டின் முதுமரத்தைக் காட்டி, ஆழ்மண் வெளியில் நுழைந்த இளமரங்களைக் காக்க வாதிடுவதும் தவறே.

6. வறட்சி சொல்வது

பரவலைப் பற்றிய கவலை ஒருபுறம் இருக்க, கடந்த இருபதாண்டுகளின் முதன்மைச் செய்தி இறப்பு. 2002-03 வறட்சியின்போது நியூ மெக்சிகோவின் லாஸ் அலமாஸ் அருகே, டேவிட் பிரெஷியர்ஸ் குழுவினர் தொடர்ந்து கண்காணித்த இடத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பின்யோன்கள் மாண்டன. நலிந்த மரங்களைப் பட்டை வண்டு முடித்தது. 1950களின் வறட்சியில் மழை இதைவிடக் குறைவாக இருந்தும் இழப்பு குறைவு. இம்முறை வெப்பம் கூடியிருந்ததே வேறுபாடு என்றார்கள் அவர்கள்.

இறப்பின் உள் இயக்கம் பற்றி இரண்டு விளக்கங்கள் போட்டியிட்டன. துளைகளை மூடிய பின்யோன் உணவின்றி நலிகிறது என்பது ஒன்று. நீர்க்குழல்களில் காற்றுக் குமிழ் புகுந்து நீரோட்டம் அறுகிறது என்பது மற்றொன்று. மெக்டவல் குழுவினர் 2008இல் இவ்விரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்தனர். பின்னர் செவியெட்டா ஆய்வு நிலத்தில் மழையைத் தடுத்துச் செய்த சோதனைகள், இரண்டும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்ற பார்வையை வலுப்படுத்தின.

பின்யோன் செத்தாலும் ஜூனிப்பர் நிற்கும் என்பது நெடுநாள் எதிர்பார்ப்பு. 2018இன் வறட்சி அதையும் அசைத்தது. தென்கிழக்கு யூட்டாவில் ஜூனிப்பரின் இலைத்தொகுதி விரைவாகக் கருகுவதைக் கேனன்பெர்க் குழுவினர் 2021இல் பதிவுசெய்தனர். தாழ்ந்த, வறண்ட விளிம்புகளிலேயே பாதிப்பு மிகுந்திருந்தது. குட்டைப் புதர்க்காட்டின் இருப்பிடமும் அந்த விளிம்புதான்.

7. விதையும் பறவையும்

இழந்ததை மீட்கும் திறனும் குறைந்துவருகிறது. பின்யோன் கூம்பு முதிர மூன்று வளர்பருவங்கள் வேண்டும். நல்ல விளைச்சல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். மிராண்டா ரெட்மண்ட் குழுவினர் நியூ மெக்சிகோ, ஓக்லஹோமா மரங்களை ஆராய்ந்து, 1974ஐ ஒட்டிய பத்தாண்டோடு ஒப்பிட 2008ஐ ஒட்டிய பத்தாண்டில் கூம்பு உற்பத்தி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 2012இல் எழுதினர். கோடை இறுதியின் வெப்பம் கூடிய இடங்களில் சரிவு கூடுதல்.

பின்யோனின் விதைக்குச் சிறகு இல்லை. காற்று அதைச் சுமக்காது. பின்யோன் ஜே, கிளார்க் நட்கிராக்கர் என்னும் பறவைகள் குளிர்கால உணவாக அதைப் புதைத்துவைக்கின்றன; அவை மறந்ததும் மிஞ்சியதும் முளைக்கின்றன. ஒரு நட்கிராக்கர் தன் நாக்கின் அடிப்பையில் 95 விதைகள் வரை எடுத்துக்கொண்டு 22 கிலோமீட்டர் வரை செல்வதை வாண்டர் வாலும் பால்டாவும் 1977இல் பதிவுசெய்தனர். விதை குறைந்தால் பறவை வருவதில்லை; பறவை வராவிட்டால் விதை புதைவதில்லை. பின்யோன் ஜேயின் எண்ணிக்கை 1960களின் இறுதியிலிருந்து முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. 2022இல் அதை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனு அளிக்கப்பட்டது. நவஹோ, ஹோப்பி, யூட், பையூட் மக்களுக்குப் பின்யோன் கொட்டை தலைமுறைகளாக உணவு. அவர்களின் இலையுதிர்கால அறுவடையும் இதே விதையை நம்பியிருக்கிறது.

விழுந்த விதை முளைத்தாலும் வெட்டவெளி வெயிலில் பிழைப்பது அரிது. புதரின் நிழலும் முதிய ஜூனிப்பரின் நிழலுமே இளம் பின்யோனுக்குத் தாய்வீடு. மூத்த மரத்தை அகற்றினால் அடுத்த தலைமுறையின் நிழலும் போய்விடுகிறது. இயந்திரம் ஏறியதால் சிதைந்த மண்தோலில் சீட்கிராஸ் என்னும் அயல்புல் வேரூன்றுகிறது. அது கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, தீயே ஓடாதிருந்த பாறைமேட்டில் தீக்கு வழி அமைத்துக்கொடுக்கிறது. எரிந்த இடத்தில் மீண்டும் அதே புல். 400 ஆண்டுச் சுழற்சிக்குப் பழகிய மரம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தீயைத் தாங்காது.

8. மதிப்பீடு

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் முடிவு இரு பகுதிகளாக அமைகிறது. ஆழ்மண் சேஜ்பிரஷ் வெளிகளுக்குள் ஊசியிலை மரங்கள் அண்மையில் பரவியது உண்மை. அங்கே சேஜ்கோழிக்காகக் கவனமாக மரங்களை அகற்றுவதற்கு நியாயம் உண்டு. ஆழமற்ற பாறைமேட்டில் நிற்கும் குட்டைப் புதர்க்காடு அவ்வரலாற்றைச் சேர்ந்ததன்று. அங்கே மரம் பழமையானது, தீ அரியது, மீட்சி மிகமிக மெதுவானது.

இந்த வேறுபாடு இன்று நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அமெரிக்க நில மேலாண்மைப் பணியகம் 2020 டிசம்பரில் ஒரு விதியை இறுதிசெய்தது. 10,000 ஏக்கர் வரையிலான பின்யோன்-ஜூனிப்பர் அகற்றலுக்கு விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு தேவையில்லை என அது அறிவித்தது. முதுமரங்களை வெட்டுவதற்கு இவ்விதி பொருந்தாது என்பது அதன் முக்கிய வரம்பாக இருந்தது. அத்தகைய வரம்பு பயன்பட வேண்டுமானால் முதுமரத்தை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். உயர்ந்து பருத்த மரங்கள் நிறைந்த காட்டில் அது எளிது. ஓர் ஆள் உயரமே உள்ள ஜூனிப்பர் பல நூற்றாண்டு கண்டதாக இருக்கக்கூடிய பாறைமேட்டில், கண்ணளவை ஏமாற்றிவிடும்.

எனவே எந்தப் பாறைமேட்டிலும் இயந்திரம் ஏறுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். மண் எவ்வளவு ஆழம்? உயரத்தால் அன்றி வளைய மாதிரியால் கணித்த மர வயது என்ன? தரையில் உயிருள்ள மண்தோல் உண்டா? மண் ஆழமின்றி, மரம் முதிர்ந்து, தோல் சிதையாதிருந்தால் அந்நிலத்தைத் தொடாமல் விடுவதே அறிவியலுக்கு ஏற்ற மேலாண்மை. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை; ஒரு துளைக்கருவியும் ஒரு மண்வெட்டியும் பொறுமையும் போதும். மரங்களை வெட்டுவதற்கு ஒரு நாள் போதுமானது. அவற்றை மீட்கப் பல நூற்றாண்டுகள் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு உள்ளவரை, ஐயம் எழும் இடத்தில் தீர்ப்பு மரத்தின் பக்கமே இருக்க வேண்டும்.